வியாழக்கிழமை சாயங்காலமும் ஒரு வெள்ளைச் சுவரும்

பீன்யாவுக்கும் உலக சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை. 1970களில் உருவான தொழிற்பேட்டை இது. லேத், சிஎன்சி, பவுடர் கோட்டிங், கார்மென்ட்ஸ், நடுவில் குண்டும் குழியுமாகச் சாலைகள். ஆசியாவிலேயே பெரிய பேட்டைகளில் ஒன்று என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மழை பெய்தால் அந்தப் பெருமை முழங்கால் வரை நனையும் :-)

ஆனாலும் ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த விஷயம் ஒன்று இங்கிருந்துதான் தொடங்குகிறது. பெங்களூரில் சின்னச் சின்ன அறைகளில், வாராவாரம், டிக்கெட் இல்லாமல், போஸ்டர் இல்லாமல், ஓரினக் காதலர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் பற்றிய படங்களும் வெளிநாட்டு சுயாதீனப் படங்களும் போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கு அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசுகிறவர்களும் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தீர்ப்புகள் முக்கியம்தான். ஆனால் தீர்ப்புக்கு முன்னால் பத்துப் பதினைந்து வருடம் மனிதர்கள் எங்கே சந்தித்துக்கொண்டார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்கு என்னிடம் உள்ள பதில் இது.

எனக்கு இது எப்படித் தெரியும்? என் அறைத்தோழன் மூலமாக. நான் 2004-ல் திருநெல்வேலியிலிருந்து இங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டராக வந்து சேர்ந்தேன். அவன் சேலம் பக்கம், டூல் ரூம் டிப்ளமோ. ஒரு அறை, இரண்டு பாய், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். முதல் ஷிப்ட் உள்ள வாரங்களில் வியாழக்கிழமை ஆனால் குளித்து, சட்டை மாற்றி, நகரத்துக்குள் போய்விடுவான். எங்கேடா என்றால், "படம் பாக்க" என்பான். (அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான், சரி.)

"படம் பாக்க." இந்த இரண்டு வார்த்தைகளுக்குள்தான் நான் சொல்ல வரும் மொத்த வரலாறும் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போகலாம். பெங்களூரில் 1994-ல் 'குட் ஆஸ் யூ' என்று ஒரு குழு தொடங்கியது. உன்னைப் போலவே நானும் நல்லவன்தான் என்று அர்த்தம் வரும். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'கே' என்று வரும். குறும்பான பெயர். வியாழன்தோறும் கூடுவார்கள், பேசுவார்கள், அவ்வளவுதான். இப்போது கேட்க சாதாரணமாக இருக்கிறது. அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 377 அமலில் இருந்தது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதி வைத்துவிட்டுப் போனது. அதைக் காட்டி பூங்காக்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் பணம் பறிக்க ஒரு கூட்டமே இருந்தது, காக்கிச் சட்டை போட்டும் போடாமலும். 1997-ல் தேசிய சட்டப் பள்ளியில் ஓரினச் சேர்க்கையாளர் உரிமைகள் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. 1999-ல் ஸ்வபாவா, அதே ஆண்டில் சங்கமா, 2000-ல் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம் என்று அடுத்தடுத்து அமைப்புகள் வந்தன. பி.யு.சி.எல். கர்நாடகக் கிளை 2001-லும் 2003-லும் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. இரண்டாவது, ஹிஜ்ரா, கோத்தி மக்கள் மீதான வன்முறை பற்றியது. படித்தால் இரண்டு நாள் தூக்கம் வராது.

இந்தச் சூழலில் ஒருவன் ஒரு ஆதரவுக் குழுவின் கதவைத் தட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். தட்டினாலே அவன் தன்னைப் பற்றி ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்ட மாதிரி. உள்ளே போய் உட்கார்ந்தால் பேரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், பேசச் சொல்வார்கள். பாதிப் பேர் தெரு முனை வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால் 'இன்றைக்கு ஒரு ஹாங்காங் படம் போடுகிறார்கள்' என்றால்? போகலாம். படம் பார்க்கத்தானே வந்தேன். பக்கத்தில் இருப்பவனும் படம் பார்க்கத்தானே வந்திருக்கிறான். இருட்டு வேறு. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சினிமா இங்கே கலையாக வேலை செய்வதற்கு முன்னால் ஒரு சாக்காக வேலை செய்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. சாக்கு இல்லாதவனுக்குத்தான் சாக்கின் அருமை தெரியும்.

இது பெங்களூரின் கண்டுபிடிப்பும் அல்ல. உலகத்தின் மிகப் பழைய இந்த வகைத் திரைப்பட விழா சான் பிரான்சிஸ்கோவின் ஃப்ரேம்லைன். 1977-ல் ஒரு சமூகக்கூடத்தில் சில பேர் தாங்களே எடுத்த சூப்பர்-8 சுருள்களைச் சுவரில் மாட்டிய படுக்கை விரிப்பில் ஓட்டிக் காட்டியதில் தொடங்கியது என்று சொல்வார்கள். இலவசம்தான். லண்டனில் 1986-ல் வந்தது. 1987 முதல் பெர்லின் திரைப்பட விழாவில் டெடி விருது என்று தனியாகவே கொடுக்கிறார்கள். 1992-ல் பி. ரூபி ரிச் என்ற விமர்சகர் இந்தப் படங்களுக்கு ஒரு பெயரும் வைத்தார், 'நியூ குயர் சினிமா' என்று. பெயர் வந்த பிறகுதான் கல்லூரிகளில் பாடமாயிற்று. விரிப்பு வந்து பதினைந்து வருடம் கழித்து.

நம்மூரில் போட்டுக் காட்ட என்ன இருந்தது? ரொம்பக் கொஞ்சம். 1971-ல் பிரேம் கபூர் எடுத்த 'பத்னாம் பஸ்தி' என்ற இந்திப் படம், கமலேஷ்வரின் நாவலிலிருந்து வந்தது. அதன் பிரதி தொலைந்துபோய், பல பத்தாண்டுகள் கழித்து 2019-ல் பெர்லினில் ஒரு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது! தொலைத்தது நாம், பத்திரமாக வைத்திருந்தது அவர்கள். மலையாளத்தில் மோகனின் 'ரண்டு பெண்குட்டிகள்' (1978), பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரையாறில்லா' (1986). 1996-ல் ரியாத் வாடியாவின் 'பாம்கே', பன்னிரண்டு நிமிடக் குறும்படம். பிறகு தீபா மேத்தாவின் 'ஃபயர்'. சென்சாரில் வெட்டே இல்லாமல் சான்றிதழ் வாங்கி 1998 நவம்பரில் திரைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் மும்பையிலும் டெல்லியிலும் அரங்குகளை அடித்து நொறுக்கினார்கள். படம் மறுபடி சென்சாருக்குப் போய், 1999-ல் மறுபடி அனுமதி வாங்கி வந்தது. 2003-ல் ஸ்ரீதர் ரங்கயனின் 'குலாபி ஆய்னா'வுக்குச் சான்றிதழே தரவில்லை.

நிற்க. இங்கே சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். 1952-ன் ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்கும் திரைப்படச் சங்கங்களுக்கும் அரசு விலக்கு தரலாம். இதனால்தான் இந்த வகைப் படங்கள் மூன்று இடங்களில் ஒதுங்கின. ஒன்று, விலக்கு வாங்கிய விழாக்கள். இரண்டு, அலியான்ஸ் ஃப்ரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் மாதிரியான வெளிநாட்டுக் கலாச்சார மையங்கள். மூன்று, யாரோ ஒருவரின் வீட்டு மாடி. 2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்சார் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லப்போய், ஆவணப்படக்காரர்கள் ஒன்றுகூடிப் போட்டியாக 'விகல்ப்' என்று ஒன்றை நடத்தினார்கள். அதற்குப் பிறகு பல ஊர்களில் மாடி அறைத் திரையிடலுக்கு ஒரு தைரியம் வந்தது. பெங்களூருக்குத் திரைப்படச் சங்க மரபும் உண்டு. பனசங்கரியில் இருக்கும் சுசித்ரா 1971-லிருந்து இயங்குகிறது. வாராவாரம் ஒரு கூடத்தில் உட்கார்ந்து வேற்று மொழிப் படம் பார்ப்பது இந்த ஊருக்குப் பழகிய விஷயம். அந்தப் பழக்கத்துக்குள்தான் இந்தத் திரையிடல்களும் சத்தமில்லாமல் நுழைந்துகொண்டன.

வெளிநாட்டுப் படங்கள் அதிகமாக இருந்ததற்கும் காரணம் இதுதான். ரசனை மட்டுமல்ல. நம் படங்கள் இல்லை. இருந்தவற்றுக்குச் சான்றிதழ் இல்லை. வட்டு எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள்... சரி, சொல்லிவிடுகிறேன். மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட். சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார் மாதிரி. ஐம்பது அறுபது ரூபாய்க்கு எந்தப் படம் வேண்டுமானாலும் கிடைக்கும். புது ரஜினி படத்துக்குப் பக்கத்திலேயே அல்மோதவாரும் ஃபாஸ்பிண்டரும் பிளாஸ்டிக் உறையில் தொங்குவார்கள். திருட்டு வட்டு தப்பா சரியா என்று பஞ்சாயத்து வைக்க நான் வரவில்லை. ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரத்தின் லாரன்ஸ் லியாங் அதைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறார், சட்டம் தெரிந்தவர்கள் படிக்கலாம். பின்னால் பெங்களூர் விழாவை நடத்தியவர்கள் பட்டியலில் 'பைரட் டைக்ஸ்' என்று ஒரு குழு உண்டு. பெயரே பாதிக் கதையைச் சொல்கிறது.

என் அறைத்தோழன் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது 2005 மழைக்காலத்தில். ஏன் கூட்டிப்போனான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தனியாகப் போய் அலுத்திருக்கலாம். அல்லது சொல்ல நினைத்ததை வாயால் சொல்லாமல் காட்டிவிடலாம் என்று நினைத்திருக்கலாம். அப்போது மெட்ரோ கிடையாது. பீன்யாவுக்கு மெட்ரோ 2014 மார்ச்சில்தான் வந்தது. பஸ் பிடித்து மெஜஸ்டிக், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு நடை. யஷ்வந்த்பூர் சர்க்கிளில் நிற்கும் நேரத்தில் ஒரு படமே பார்த்துவிடலாம். இடத்தையும் நடத்தியவர்களையும் சொல்லப் போவதில்லை. மாடியில் ஒரு அறை, பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ ஆபீஸிலிருந்து கடன் வாங்கி வந்த ப்ரொஜெக்டர், திரை கிடையாது, வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு ஆணியை யாரோ பிடுங்க மறந்திருந்தார்கள். எல்லா நாயகர்களுக்கும் ஒரு காட்சியிலாவது அந்த ஆணி நெற்றியில் வந்து நிற்கும்.

அந்த அறையின் ஒரு வழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படம் முடிந்ததும் விளக்கைப் போட மாட்டார்கள். பெயர்ப்பட்டியல் கடைசி எழுத்து வரை ஓடும். அந்த மூன்று நான்கு நிமிட இருட்டில் முகம் காட்ட விரும்பாதவர்கள் எழுந்து போய்விடலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விளக்கு வந்த பிறகு இருப்பவர்கள் இருக்க விரும்புகிறவர்கள். அவர்களுக்கு டீ, பன், பேச்சு. முதல் இரண்டு மாதம் என் தோழன் விளக்குக்கு முன்னால் போகிறவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறான். மூன்றாம் மாதம் டீக்கு நின்றான். அவன் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தால் கோடு அங்கேதான் விழும் என்று பிற்பாடு சொன்னான்.

உண்மையைச் சொன்னால் பாதிப் படங்கள் அறுவை. மூன்று நிமிடம் ஜன்னலைக் காட்டுவார்கள், நாமும் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் கேஜ் பிடித்து விட்டத்தையே பார்த்தவனுக்கு அது கொஞ்சம் அதிகம். இரண்டு தடவை நன்றாகத் தூங்கியிருக்கிறேன். தாய்லாந்தின் அபிசட்பாங் எடுத்த 'ட்ராபிகல் மாலடி' கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கிய படம், இரண்டாம் பாதி முழுக்கக் காடும் புலியும். எனக்கு விளங்கவில்லை. தோழனுக்கு ரொம்பப் பிடித்தது. ரசனை வேறு வேறு.

ஆனால் வாங் கார்-வாயின் 'ஹேப்பி டுகெதர்' வேறு. 1997-ல் வந்தது, அந்த வருடம் கானில் சிறந்த இயக்குனர் விருது. ஹாங்காங்கிலிருந்து அர்ஜென்டினா போன இரண்டு ஆண்கள், பிரிந்தும் சேர்ந்தும் ப்யூனஸ் அயர்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். ஊர் திரும்பக் காசில்லை. ஒருவன் டாங்கோ பார் வாசலில் நிற்கிறான், ஹோட்டல் அடுப்படியில் வேலை பார்க்கிறான், கூலி அதிகம் என்று இறைச்சிக்கூடத்துக்குப் போகிறான். ஒற்றை அறை, ஒரே கட்டில், பழைய போர்வை, காய்ச்சல், சண்டை, பக்கத்து அறைக்காரர்கள். இதைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் கடைசி பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இது எங்கள் அறைதான். பீன்யாவில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற யாருக்கும் அந்த அடுப்படி தெரியும், அப்பாவுக்கு எழுத நினைத்து எழுதாத கடிதம் தெரியும். இறங்கும்போதுதான் அவன் சொன்னான், "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் மாதிரிதான்டா நான்." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரிடா, நாளைக்கு உனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், தூங்கு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். அப்புறம் நாலு வருடம் அதே அறையில் இருந்தோம்.

அதற்கப்புறம் ஒரு நாள் அவன் கேட்ட கேள்விதான் என்னை இன்று வரை துரத்துகிறது. "இதுக்கு தமிழ்ல என்னடா பேரு?" யோசித்துப் பார்த்தோம். எங்கள் இருவர் ஊரிலும் இருந்த வார்த்தைகள் எல்லாமே கெட்ட வார்த்தைகள். ஒன்று கூட ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளக் கூடியதாக இல்லை. அந்த அறையில் ஆங்கிலம் இருந்தது, கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் இந்தி. படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில். டிப்ளமோக்காரன் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பாதிப் படத்தை முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டான். டீ நேரப் பேச்சும் எம்.ஜி. ரோடு ஆங்கிலம். அந்த அறையின் மீது எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் இதுதான். யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் பீன்யாவிலிருந்து வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

2004-ல் வந்த டி. ஜெயஸ்ரீயின் 'மெனி பீப்பிள் மெனி டிசையர்ஸ்' ஆவணப்படம் இதற்கு ஒரு விதிவிலக்கு. பெங்களூரிலேயே எடுத்தது, வர்க்கத்தையும் மொழியையும் மறைக்காமல் பேசியது. அதே 2004-ல் தமிழில் 'உணர்வும் உருவமும்' என்று ஒரு புத்தகம் வந்தது. தமிழ்நாட்டு அரவாணிகளின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாயாலேயே தொகுத்தது. தொகுத்தவர் ரேவதி. நாமக்கல் பக்கத்திலிருந்து கிளம்பி, பெங்களூரில் சங்கமாவில் வேலை பார்த்தவர். இவரும் பிழைக்க வந்த தமிழர்தான் என்று எங்களுக்கு ஒரு சொந்தம். பின்னால் 2010-ல் அவருடைய தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது, தமிழில் 'வெள்ளை மொழி' என்று.

அப்புறம் லிவிங் ஸ்மைல் வித்யா. 2000களின் நடுவில் தமிழில் வலைப்பதிவு படித்துக்கொண்டிருந்த யாருக்கும் அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒரு திருநங்கை தன் வாழ்க்கையைத் தானே, தமிழில், தினமும் பார்க்கும் பக்கத்தில் எழுதியது நமக்கெல்லாம் முதல் அனுபவம். என் தோழன் யஷ்வந்த்பூர் ப்ரௌசிங் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து உட்கார்ந்து அதைப் படிப்பான். சப்டைட்டில் ஓடாது, தன் வேகத்தில் படிக்கலாம் பாருங்கள். 2007-ல் அது கிழக்கு பதிப்பகம் வழியாக 'நான், வித்யா' என்று புத்தகமாயிற்று.

திரும்ப அறைக்கு வருவோம். 2008 ஜூன் 29 அன்று டெல்லி, கொல்கத்தாவோடு சேர்ந்து பெங்களூரிலும் முதல் வானவில் ஊர்வலம் நடந்தது. நிறையப் பேர் முகமூடி போட்டு நடந்தார்கள். அதையொட்டிய காலத்தில்தான் பெங்களூர் குயர் திரைப்பட விழாவும் உருவெடுத்தது. குட் ஆஸ் யூ, ஸ்வபாவா, பைரட் டைக்ஸ் போன்ற குழுக்களும் தனி ஆட்களும் சேர்ந்து நடத்தினார்கள். வசந்த் நகர் திம்மையா சாலையில் இருக்கும் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் அரங்கில் போய்ப் பார்த்திருக்கிறேன். நுழைவு இலவசம். பெரிய கம்பெனி விளம்பரங்கள் கிடையாது, நன்கொடையும் தொண்டர்களும்தான். மாடி அறையில் பதினைந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு நிரம்பி வழிகிற அரங்கத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்? என் தோழன் கதவருகே நின்று கொஞ்ச நேரம் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். எழுபது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டான்.

பெங்களூர் தனியாகவும் இல்லை. மும்பையில் 2003-லேயே 'லர்ஸிஷ்', கொல்கத்தாவில் 2007-ல் 'டயலாக்ஸ்', 2010-ல் மும்பை 'கஷிஷ்', 2013-ல் சென்னையில் ஒரினம் நண்பர்கள் பங்கெடுத்த 'ரீல் டிசையர்ஸ்'. நீதிமன்றங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தன. 2009 ஜூலை 2, டெல்லி உயர் நீதிமன்றம் குற்றமில்லை என்றது. 2013 டிசம்பர் 11, உச்ச நீதிமன்றம் குற்றம்தான் என்றது. 2014 ஏப்ரலில் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6, 377-ன் அந்தப் பகுதியை ஒரேயடியாக நீக்கியது. நடுவில் கர்நாடகம் 2011-ல் தன் போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, திருநங்கைகளைப் பட்டியல் எடுத்துக் கண்காணிக்க வழி செய்ததையும் மறக்கக் கூடாது. இத்தனை ஆட்டத்திலும் படம் ஓடுவது நிற்கவில்லை.

ஒரு இடைச்செருகல். 2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். பீன்யா உட்பட 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. பக்கத்து ஹெக்கனஹள்ளியில் போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தார். கம்பெனி வண்டியில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கிங் மூலையில் சொருகினோம். போனில் அம்மாவோடு தமிழில் பேசவே பயமாக இருந்தது. "சாப்பிட்டேன்மா, வெச்சிடறேன்" என்று கிசுகிசுத்தேன். அப்போது ஓசூருக்கு மாறியிருந்த தோழன் இரவு கூப்பிட்டான். பத்திரமா இருக்கியா என்று விசாரித்துவிட்டு, "ஒரு நாள் வாயை மூடிட்டு இருக்கறது கஷ்டமா இருக்கில்ல?" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வித்யாவின் புத்தகம் தமிழ்ச்செல்வியின் மொழிபெயர்ப்பில் கன்னடத்துக்குப் போய், பி.எஸ். லிங்கதேவரு அதைப் படமாக்கினார். 'நானு அவனல்ல... அவளு', 2015. நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது. (2021-ல் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார். நல்ல நடிகர்.) இதை மாடி அறையில் பார்க்கவில்லை. டிக்கெட் வாங்கி, தியேட்டரில், பாப்கார்ன் வாசனையோடு பார்த்தோம். தோழன் இதற்காகவே ஓசூரிலிருந்து வந்தான். முன் வரிசையில் ஒரு குடும்பம், பாட்டி உட்பட. இடைவேளையில் அந்தப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் ஏதோ சொன்னார். என் கன்னடம் அவ்வளவு போதாது, 'பாபா' என்றது மட்டும் காதில் விழுந்தது. தமிழில் ஒருத்தி எழுதியதைத் தமிழ் சினிமா எடுக்கவில்லை, கன்னட சினிமா எடுத்தது. காவிரிக்கு அடித்துக்கொள்கிற நேரத்தில் இதையும் நினைவில் வைக்கலாம்.

வார்த்தை விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வரிசையாகச் சில உத்தரவுகள் போட்டார். அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. அரசாங்கமே இழிசொல் இல்லாத தமிழ்ச் சொற்களை அச்சடித்துத் தந்தது! தோழனுக்கு அனுப்பினேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில். 'தன்பாலீர்ப்பு' என்பதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஷிப்ட்ல சொன்னா கெமிஸ்ட்ரின்னு நெனைப்பானுங்க" என்று பதில் போட்டான் :-)

இப்போது அந்த மாடி அறை இல்லை. கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். படங்கள் எல்லாம் போனிலேயே வந்துவிட்டன. 'சூப்பர் டீலக்ஸ்', 'மூத்தோன்', 'பாவக் கதைகள்', மம்மூட்டியின் 'காதல்', 2025-ல் தியேட்டருக்கே வந்த 'காதல் என்பது பொதுவுடைமை' என்று தென்னிந்திய மொழிகளிலேயே நீளமான பட்டியல் போடலாம். வட்டு தேடி நேஷனல் மார்க்கெட் படிக்கட்டில் யாரும் நிற்க வேண்டியதில்லை. பெரிய சௌகரியம்தான். ஆனால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போர்வைக்குள் பார்க்கிறவனுக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. விளக்கு எரிந்த பிறகு டீயும் கிடையாது.

தோழன் இப்போது ஓசூரில் சொந்தமாக ஒரு சின்ன டை மேக்கிங் யூனிட் வைத்திருக்கிறான். மேல்மாடியில் வீடு, கூட இருப்பவர் பள்ளிக்கூட வாத்தியார். போன வருடத்திலிருந்து வியாழக்கிழமைகளில் வீட்டு ஹாலில் படம் போடுகிறான். ஐந்தாறு பேர் வருகிறார்கள், பெரும்பாலும் சிப்காட் பையன்கள். ப்ரொஜெக்டர் என்னுடைய பழையது. சப்டைட்டில் வேகமாகப் போனால் ரிமோட்டில் நிறுத்தி, சேலத்துத் தமிழில் வசனத்தைச் சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுகிறானாம். இரண்டு மணி நேரப் படம் மூன்றரை மணி நேரம் ஆகிறது என்று வாத்தியார் புலம்பினார். போன வாரம் 'ஹேப்பி டுகெதர்' போட்டிருக்கிறான். புதிதாக வந்த ஒரு பையன் பெயர்ப்பட்டியல் ஓடும்போதே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டானாம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னான். அடுத்த வியாழனுக்கு ஒரு நாற்காலி கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறான்.